ஆயில்யம், 'டு' எழுத்து, கூட்டு எண் 5: யாருக்கும் இல்லாத தமிழ்ப் பெயர் கிடைக்குமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பிறந்து பத்து நாளான பெண் குழந்தை. ஆயில்யம் இரண்டாம் பாதம், ஜோதிடர் எழுதிக் கொடுத்த எழுத்து 'டு'. மாமியாருக்கு அந்த எழுத்தில் பெயர் வேண்டும். மாமனாருக்குக் கூட்டு எண் 5 வர வேண்டும். கணவருக்குத் தூய தமிழ்ப் பெயர், அதுவும் வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு இருக்கக்கூடாத பெயர். 21 நாளுக்குள் பதிந்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் அவசரப்படுத்துகிறார்கள். அடுத்த வருடம் துபாய்க்குக் குடிபோகிறீர்கள். பெயர்ப் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் உங்கள் கையில் ஏற்கெனவே நிறைய இருக்கும். இத்தனை நிபந்தனைகளில் எவை ஒத்துப்போகும், எதை எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். தமிழ் படித்தவன், பெயர்களுக்குப் பொருள் பார்த்துக் கொடுப்பதைப் பல வருடங்களாகச் செய்கிறவன் என்ற முறையில் மொழிப் பக்கத்தை உறுதியாகச் சொல்ல முடியும். பதிவு விதிகள் சட்டத்தில் இருப்பவை. நட்சத்திரமும் எண்ணும் பலிக்குமா என்பது அவரவர் நம்பிக்கை. அந்தக் கணக்குகள் எப்படி ஓடுகின்றன என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அவசரத்தைத் தீர்த்துவிடலாம். 21 நாள் என்பது பிறப்பைப் பதிவதற்கான கெடு, பெயருக்கானது இல்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி குழந்தையின் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டே பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் எந்தப் பதிவாளரிடம் பதிவானதோ அங்கேயே பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி உண்டு. ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், பில் கவுன்டரில் நின்றுகொண்டு பெயர் சொல்லாதீர்கள். ஒரு தடவை பதிவேட்டில் ஏறிய பெயரைப் பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. எழுத்துப் பிழையைத் திருத்தலாம், அவ்வளவுதான். முழுப் பெயரையும் மாற்ற வேண்டுமானால் பின்னாளில் அரசிதழில் வெளியிட்டு, ஒவ்வோர் ஆவணத்தையும் அதன் பின்னால் இழுக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்; பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதப்படும். ஆனால் உங்களுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருப்பதால் வருடம் முழுக்கத் தள்ளிப்போடவும் முடியாது. இரண்டு மூன்று மாதம் தாராளமாக யோசிக்கலாம்.

இப்போது 'டு'. மாமியாரும் உங்கள் கணவரும் நேருக்கு நேர் மோதுவது இங்கேதான், இதில் இருவரையும் ஒரே பெயரால் திருப்திப்படுத்த முடியாது. தமிழில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டு மெய்களும் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. தொல்காப்பியம் தொட்டு இதுதான் இலக்கணம். ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. பரணிக்கு லி, லு, லே, லோ. இந்த இரண்டு நட்சத்திரங்களில் நான்கு பாதத்துக்கும் ஓர் எழுத்துகூடத் தமிழ்ச் சொல்லைத் தொடங்காது. ரகரத்துக்கும் லகரத்துக்குமாவது முன்னால் ஓர் இகரமோ உகரமோ போட்டு இராமன், உலோகநாதன் என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அப்படிப் போட்டால் முதல் எழுத்து 'இ' ஆகிவிடும், அது கார்த்திகை இரண்டாம் பாதத்துக்கு உரியது! டகரத்துக்கு அந்த வழியும் இல்லை.

இந்த எழுத்துப் பட்டியலே தமிழ் எழுத்துக்காகச் செய்யப்பட்டதில்லை என்பதையும் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லலாம். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், மொத்தம் 108 ஒலிகள். வல்லொலி, மெல்லொலி, மூச்சு சேர்ந்த ஒலி என்று ஒவ்வொரு வர்க்கத்திலும் நான்கைப் பிரித்து எழுதும் வடமொழி நெடுங்கணக்கை வைத்துப் போட்ட கணக்கு அது. தமிழில் அந்த நான்குக்கும் ஒரே 'ட'தான். அதனால்தான் தமிழில் அச்சான பட்டியலைப் பார்த்தால் ஆயில்யம் இரண்டாம் பாதத்துக்கும் 'டு', பூரம் நான்காம் பாதத்துக்கும் 'டு' என்று இருக்கும். மூலத்தில் அவை வெவ்வேறு ஒலிகள். ஆகவே தமிழ் எழுத்தில் 'டு' என்று தொடங்கும் ஒரு பெயரை வலிந்து உண்டாக்கினாலும், அது ஆயில்யத்தின் 'டு'வா பூரத்தின் 'டு'வா என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது.

வழி என்னவென்றால், ஒரு குழந்தைக்கு ஒரே பெயர்தான் என்ற எண்ணத்தை விட்டுவிடுவது. நம் வீடுகளில் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. பெயர் சூட்டும்போது காதில் மூன்று தடவை சொல்லும் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று, பதிவேட்டில் ஒன்று. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைத்த வீட்டில் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதற்காகவே செல்லப்பெயர் ஒன்று ஓடும். நட்சத்திர எழுத்துப் பெயரைக் காதில் சொல்லுங்கள், ஜாதகத்தில் எழுதுங்கள், அர்ச்சனைக்குச் சொல்லுங்கள். அதற்குத் தமிழ் இலக்கணமும் வேண்டாம், கூட்டு எண்ணும் வேண்டாம். பதிவுப் பெயரைக் கணவர் விருப்பப்படி தேடுங்கள். மாமியார் அதற்கும் இசையவில்லையென்றால், டகர வரிசைக்குப் பதில் தகர வரிசையில் 'து' என்று தொடங்கினால் ஏற்பாரா என்று ஜோதிடரையே கேளுங்கள். சாஸ்திரப்படி அது சரி என்று நான் சொல்லவில்லை, வீட்டில் அமைதிக்கான ஏற்பாடு.

அபூர்வமான பெயர் என்ற ஆசை புதிதில்லை, காரணங்கள்தான் மாறியிருக்கின்றன. முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்றும், பிச்சையாக வாங்கியதுபோல் பாவனை செய்து பிச்சை என்றும் வைத்தார்கள். எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்பதுதான் யோசனை. பெண்ணாகவே பிறந்த வீட்டில் 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்று வைத்ததும் உண்டு. அது வேறு ரகம், அந்தக் குழந்தை ஆயுள் முழுக்கச் சுமந்த அவமானம். மகாராஷ்டிரத்தின் சாதாரா மாவட்டத்தில் 'வேண்டாதவள்' என்ற பொருளில் நகுஷா என்று பெயர் வைக்கப்பட்ட 200க்கும் மேற்பட்ட சிறுமிகளுக்கு 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் புதுப் பெயர் சூட்டியது. பிறகு தனித்தமிழ், திராவிட இயக்கக் காலம்: வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார், நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அந்த வரிசையில் வந்த பெயர்கள் அன்று காதுக்குப் புதிது. அடுத்த தலைமுறையில் தெருவுக்கு இரண்டு தமிழ்ச்செல்வி, மூன்று வளர்மதி.

இதில் உங்களுக்குப் பயன்படும் பாடம் ஒன்று இருக்கிறது. 'யாருக்கும் இல்லாத பெயர்' என்று எல்லோரும் ஒரே இடத்தில் தேடினால் எல்லோருக்கும் ஒரே பெயர்தான் கிடைக்கும். யாழினி, ஆதிரை, நிலா, மகிழன் எல்லாம் நல்ல பெயர்கள்தான், ஆனால் இப்போது தமிழ்ப் பெயர் தேடும் ஒவ்வொரு தம்பதியின் பட்டியலிலும் முதல் பத்தில் இருப்பவை. அமெரிக்காவில் எந்தப் பெயர் அந்த வருடம் எத்தனை குழந்தைக்கு வைக்கப்பட்டது என்று அரசே வெளியிடுகிறது. நம் ஊரில் அப்படிப் பார்க்க வசதி இல்லை. வாக்காளர் பட்டியலைப் பார்ப்பதில் பயனில்லை, அது பெற்றோர் தலைமுறையின் பெயர்கள். அக்கம்பக்கத்தில் எல்கேஜி, யூகேஜி பிள்ளைகள் இருக்கும் நான்கைந்து பேரிடம் வகுப்புப் பெயர்களைக் கேளுங்கள், அல்லது மழலையர் பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழைப் பாருங்கள். அதைவிட நல்ல கணிப்பு கிடைக்காது. என்னைக் கேட்டால், இன்றைய எல்கேஜி வகுப்பில் உண்மையிலேயே தனியாக நிற்கும் பெயர் தேன்மொழிதான். ஒரு தலைமுறை விட்டுப்போன பெயர்களைப் பலரும் தொடுவதில்லை, பாட்டி பெயர் மாதிரி இருக்கிறதாம்.

புதுப் பெயர்தான் வேண்டும் என்றால், வழக்கில் இல்லாத உண்மையான சொல்லைத் தேடுங்கள். எழுத்தைக் குலுக்கிப் போட்டு உண்டாக்கியதை எடுக்காதீர்கள். பெயர் இணையதளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதுபவை. 'கடவுளின் பரிசு', 'தனித்துவமானவள்', 'ஒளி பொருந்தியவள்' என்று பொருள் போட்டிருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். தமிழ்ச் சொல்லென்றால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, வடசொல்லென்றால் மோனியர் வில்லியம்ஸ் அகராதி. இரண்டும் இணையத்தில் தேடிப் பார்க்கும்படி இருக்கின்றன. முதல் பொருளோடு நிறுத்தாமல் எண் போட்டிருக்கும் எல்லாப் பொருளையும் படியுங்கள். எழினியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது பெண் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள். அகராதியில் பார்த்தால் திரைச்சீலை என்று இருக்கும், சிலப்பதிகாரத்தில் அரங்கத்தில் தொங்குவது அதுதான். ஆள் பெயராகச் சங்கப் பாடல்களில் வருவது ஆண்களுக்கு. அதியமானின் மகன் பொகுட்டெழினி. வைக்கக்கூடாது என்று சொல்லவில்லை, தெரிந்து வையுங்கள். ஆதிமந்தி அழகான கதையுள்ள பெயர், கரிகாலனின் மகள் என்பார்கள். ஆனால் மந்தி என்றால் பெண்குரங்கு என்று மூன்றாம் வகுப்பிலேயே யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். வடமொழியில் அனாமிகா என்றால் 'பெயரில்லாதவள்'. ஒன்பது மாதம் யோசித்து அதை வைக்கிறார்கள்.

பூப்பெயர்களுக்குக் குறிஞ்சிப்பாட்டு நல்ல இடம். கபிலர் அதில் 99 பூக்களை வரிசையாக அடுக்குகிறார். எல்லாம் பெயருக்கு ஒத்துவராது. குவளை இன்று தண்ணீர் குடிப்பது. ஆம்பலை ஆங்கிலத்தில் எழுதினால் அம்பாள் என்று படிப்பார்கள். காந்தள் தப்பிக்கும். 'து' எழுத்தில் தும்பை இருக்கிறது: வெள்ளைப் பூ, போரில் சூடியது, சொல்லவும் எளிது. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், முதல் ஐந்து எழுத்தும் கட்டைவிரலுக்கான ஆங்கிலச் சொல். துபாய் பள்ளியில் 'தம்பை' ஆகிவிடுவாள். 'து' நெடிலாகலாம் என்றால் தூவி என்ற சொல் எனக்குப் பிடிக்கும். பறவையின் மெல்லிய இறகு. 'அனிச்சமும் அன்னத்தின் தூவியும்' என்று குறளில் வருவது. இதற்கும் ஒரு வில்லங்கம் உண்டு, 'கொத்தமல்லி தூவி இறக்கவும்' என்று சமையல் குறிப்பு எழுதாத பத்திரிகை கிடையாது. அந்தக் கிண்டலைத் தாங்கலாம் என்றால் வைக்கலாம்.

இனி மாமனாரின் கூட்டு எண். நம் ஊரில் பெரும்பாலும் ஓடும் கல்தேய முறையில் ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்பு, 9 எந்த எழுத்துக்கும் கிடையாது. ஏ, ஐ, ஜே, க்யூ, ஒய் ஆகியவற்றுக்கு 1. பி, கே, ஆர் 2. சி, ஜி, எல், எஸ் 3. டி இரண்டும், எம்மும் 4. இ, எச், என், எக்ஸ் 5. யூ, வி, டபிள்யூ 6. ஓ, இசட் 7. எஃப், இன்னொரு பி (பப்ளிக்கின் முதல் எழுத்து) 8. கூட்டுவது ஆங்கில ஸ்பெல்லிங்கை, தமிழ்ப் பெயரை அன்று. பெயர்கள் கெட்டுப்போவது இங்கேதான்: எண் வரவில்லையென்று நடுவில் ஒரு எச், கடைசியில் இன்னொரு ஏ என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இயல்பான ஸ்பெல்லிங்குக்குள்ளேயே இருக்கும் இடைவெளியை முதலில் பயன்படுத்துங்கள். அகிலன் என்பதில் ககரத்துக்குக் 'கே' போட்டால் 1, 2, 1, 3, 1, 5, மொத்தம் 13, கூட்டினால் 4. அதே இடத்தில் 'ஜி' போட்டால் 14, அதாவது 5. இரண்டு ஸ்பெல்லிங்கும் வழக்கில் இருப்பவை, யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். தகரத்துக்கு எந்த 'டி' போட்டாலும் 4தான், அங்கே ஆதாயமில்லை. தூவியை டி, எச், ஓ, ஓ, வி, ஐ என்று எழுதினால் 30, அதாவது 3. இரட்டை ஓவுக்குப் பதில் யூ போட்டால் 22, அதாவது 4. நேர்மையான எந்த ஸ்பெல்லிங்கிலும் 5 வராது. ஆனால் உங்கள் கணவரின் இனிஷியல் கே அல்லது ஆர் என்றால் 30உடன் 2 சேர்ந்து 32, கூட்டு எண் 5. இனிஷியலைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் எண்கணிதக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் சேரும்போது கூட்டுத்தொகை மறுபடி மாறும். மாமனாரிடம் எந்த வடிவத்தைக் கூட்டுவது என்று முன்கூட்டியே பேசி முடித்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது. எழுத்து நிபந்தனையை விட்டுவிட்டால் குயிலி என்ற பெயரைப் பாருங்கள். வேலு நாச்சியார் வரலாற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் வீராங்கனையின் பெயர். கே, யூ, ஒய், ஐ, எல், ஐ: 14, கூட்டு எண் 5. எந்த எழுத்தையும் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். யாருக்கும் இல்லாத பெயர் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் அரிது.

ஆங்கில ஸ்பெல்லிங்கில் எண்ணைவிட முக்கியமான ஒரு சோதனை உண்டு: தமிழ் தெரியாதவர் அதை எப்படிப் படிப்பார்? ழகரத்துக்கு நாம் இசட், எச் போடுகிறோம். வெளியில் 'யாஸ்ஹினி' என்று கேட்கத் தயாராக இருக்க வேண்டும். எல் போட்டால் வாயில் எளிதாக வரும், ழ போய்விடும். எது தேவலாம் என்பது உங்கள் விருப்பம்; நான் இசட், எச் பக்கம். நெடிலுக்கு இரட்டை ஏ போடுவது சில பெயர்களில் கட்டாயம். மாறன் என்பதை ஒற்றை ஏ போட்டு எழுதினால் இந்திக்காரர் 'மரண்' என்று படிப்பார், சாவு என்று பொருள். 'ஷித்' என்று முடியும் பெயர்களில் கடைசியில் எச் இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் என்ன தெரியும் என்று எழுதிப் பார்த்தாலே புரியும். பூ என்று தொடங்கும் பெயர்களை இரட்டை ஓ போட்டு எழுதினால் ஆங்கிலம் பேசும் குழந்தைகள் சிரிப்பார்கள், அங்கே யூ போடுங்கள்.

துபாய்க்கு வருவோம். பாஸ்போர்ட்டில் பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். நமக்குக் குடும்பப்பெயர் இல்லாததால் பலர் இரண்டாவதைக் காலியாக விடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போய், பெயர்க் கட்டத்தில் 'முதற்பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். இரண்டாவதில் அப்பா பெயரோ அம்மா பெயரோ இனிஷியலாக இல்லாமல் முழுதாக. இதற்கும் ஒரு விலை உண்டு: அங்கே பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் உங்கள் பெண்ணை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். அப்பா பெயர் நீளமானது என்றால் பெண்ணின் பெயரைச் சிறிதாக வையுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் இரண்டு பெயருக்கும் சேர்த்து 39 இடங்கள்தான், மிஞ்சினால் வெட்டப்படும்.

இரண்டு மூன்று பெயர்கள் தேறியதும் செய்து பார்க்க வேண்டியவை சில. பெயரை ஃபோனில் ஒரே தடவை சொல்லி, உறவினர் இருவரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இருவரும் வெவ்வேறாக எழுதினால் அந்தப் பெயர் ஆயுளுக்கும் அப்படித்தான் எழுதப்படும். இனிஷியலோடு சேர்த்து உரக்கப் படியுங்கள்: வே. தனா 'வேதனா' ஆகும், கோ. மாலினி என்று வருகைப்பதிவில் வந்தால் வகுப்பு அடுத்து என்ன சொல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. எப்படியும் சுருக்கிக் கூப்பிடுவார்கள், அந்தச் சுருக்கத்தையும் யோசியுங்கள். பிறகு இரண்டு வாரம் வீட்டில் அந்தப் பெயரால் கூப்பிட்டுப் பாருங்கள். யாருக்காவது நாக்கில் ஒட்டவில்லையென்றால் அதற்குள் தெரிந்துவிடும்.

பதிவாளரிடம் பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தில் தமிழ்ப் பெயரையும் ஆங்கில ஸ்பெல்லிங்கையும் நீங்களே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள், தட்டச்சு செய்பவரின் காதை நம்பாதீர்கள். லகர, ளகர, ழகரமும் இரண்டு சுழி, மூன்று சுழியும்தான் அதிகம் பிழையாகும் இடங்கள். உங்கள் பெயரும் கணவர் பெயரும் உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஸ்பெல்லிங்கிலேயே இருக்க வேண்டும். ஆதாரில் வேறு மாதிரி இருந்தால் முதலில் அதைத் திருத்திக்கொண்டு வாருங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும், ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிடுங்கள். அந்தக் கட்டத்தில் பிழை தெரிந்தால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.